வேகம் ஒன்றாக இருக்கலாம், உழைப்பு ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று எதற்காக மருத்துவரிடம் போனாலும் சீட்டின் கடைசி வரியில் ‘தினமும் வேகமாக நடக்கவும்’ என்றிருக்கும். எவ்வளவு வேகம் என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. மதுரையில் ரேஸ்கோர்ஸ், தெப்பக்குளக் கரை, வண்டியூர்க் கண்மாய் என்று காலையில் நடப்பவர்கள் அதற்கான விடையைத் தாங்களாகவே தேடிக்கொள்கிறார்கள். கூட வருபவரின் வேகத்துக்கு ஈடுகொடுப்பது ஒரு வழி. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை நம்புவது இன்னொன்று. ஜிம் சுவரில் தொங்கும் ‘220-லிருந்து வயதைக் கழிக்கவும்’ என்ற அட்டவணையைப் பார்ப்பது மூன்றாவது. மூன்றுமே பலரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன, அதிலும் பெண்களை அதிகமாக. காசு செலவில்லாத, அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிற நான்காவது வழி ஒன்று உண்டு. இதய மறுவாழ்வுப் பிரிவுகளில் அன்றாடம் பயன்படும் அந்த அளவுகோல் நடைபாதைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் போர்க் 1960-களில் உருவாக்கிய அளவுகோல் அது. ஒருவர் தான் படும் பாட்டைத் தானே எண்ணாகச் சொல்வதுதான் அதன் முறை. எண்கள் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. 7 மிக மிக எளிது, 9 மிக எளிது, 11 எளிது, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 19 மிக மிகக் கடினம், 20 இதற்கு மேல் ஒரு அடிகூட முடியாது. இடையிலுள்ள எண்களுக்குச் சொல் கிடையாது. 11-க்கும் 13-க்கும் நடுவில் இருப்பதாகத் தோன்றினால் 12 என்று சொல்லிக்கொள்ளலாம். மிதமான பயிற்சி என்று மருத்துவ நூல்கள் சொல்வது 12, 13. தீவிரமான பயிற்சி என்பது 14 முதல் 17 வரை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான பயிற்சி என்கிறது. இரண்டையும் கலந்தும் செய்யலாம். ஒரு தீவிர நிமிடம் இரண்டு மித நிமிடங்களுக்குச் சமம். 10 நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் சேராது என்ற பழைய நிபந்தனையையும் அந்தப் பரிந்துரை எடுத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்கு விரைந்து நடந்த ஐந்து நிமிடமும், மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிய இரண்டு நிமிடமும் இப்போது கணக்கில் வரும், எண் 12-ஐத் தொட்டிருந்தால்.

எண் ஏன் 6-இல் தொடங்குகிறது என்று கேட்பார்கள். பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்புக்கு அருகில் வரும் என்பதற்காக. உட்கார்ந்திருக்கும்போது 60, உச்சத்தில் 200. நடுவயது வரையிலான நலமான ஆட்களுக்கு இது ஓரளவு பொருந்தும். 65 வயதுக்காரர் 13 என்று சொல்லும்போது அவருடைய துடிப்பு 130 இருக்க வேண்டியதில்லை, 105-ஆகக்கூட இருக்கலாம். ஆகவே அந்தப் பெருக்கலை மறந்துவிட்டு எண்ணையும் சொல்லையும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இனி கணவன் மனைவி சேர்ந்து நடக்கும் விஷயத்துக்கு வருவோம். உடல் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதுதான் ஒருவருடைய மொத்தத் திறன். ஐம்பதைத் தாண்டிய கணவருக்கு அது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 35 மில்லி என்றும், மனைவிக்கு 25 மில்லி என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க இருவருக்குமே ஏறத்தாழ 13.5 மில்லி தேவை. கணவருக்கு அது தன் திறனில் 39 விழுக்காடு. மனைவிக்கு 54. மிதமான பயிற்சி என்பது 46-இல் தொடங்குகிறது. அதாவது ஒரே வேகத்தில் தோளோடு தோள் உரச நடந்தும், மனைவி 13-இல் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார், கணவர் 10, 11-இல் காற்று வாங்குகிறார். ‘நான் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், சர்க்கரை குறையவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்ளும் ஆண்களில் சிலர் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.

அதே இருவரும் அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் ஏறட்டும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவு என்று கொண்டால், அதே 6 கிலோமீட்டர் வேகத்துக்கு 22.5 மில்லி வேண்டும். கணவருக்கு 64 விழுக்காடு. எண் 14, நல்ல பயிற்சி. மனைவிக்கு 90 விழுக்காடு. எண் 17-ஐத் தாண்டும், சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி மரத்தடியில் உட்காருவார். ‘இதுக்கே இப்படியா’ என்று ஒரு பேச்சும் கேட்க வேண்டிவரும். அவர் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியிருந்தால் தேவை 16 மில்லியாகக் குறைந்து, அதே 65 விழுக்காட்டில், அதே 14-இல் நிம்மதியாக மேலே போய்ச் சேர்ந்திருப்பார். குறைந்த வேகத்தில் ஏறினாலும் அவருடைய இதயமும் கால்களும் கணவருடையவை அளவுக்கே பயிற்சி பெற்றிருக்கும்.

ஆணும் பெண்ணும் தத்தம் திறனில் ஒரே விழுக்காட்டில் உழைக்கும்போது இருவரும் சொல்லும் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பெண்கள் சிரமத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. ஒரே வேகத்தில் அவர்கள் அதிக எண் சொன்னால் உண்மையிலேயே அதிகம் உழைக்கிறார்கள் என்றுதான் பொருள். காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பெண்ணின் இதயம் சராசரியாகச் சிறியது, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைவு, அந்தக் குறையைத் துடிப்பைக் கூட்டித்தான் ஈடுகட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் குறைவு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் உள்ளவரின் ரத்தம் 100 மில்லிக்குச் சுமார் 19 மில்லி ஆக்சிஜனைக் கொண்டுபோனால், 9 கிராம் உள்ளவரின் ரத்தம் 12 மில்லிதான் கொண்டுபோகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எனவே, மெதுவாக நடக்கும்போதே 15, 16 என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்பதற்குமுன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் சோகை. அதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் காரணம் தேடலும்தான் தேவை, இன்னும் வேகமான நடை அல்ல.

சேர்ந்து நடக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றும்போது கணவர் தன் வேகத்தில் முன்னால் போய், அடுத்த மூலையைத் தொட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். கிளம்பும் நேரமும் முடிக்கும் நேரமும் ஒன்று, தூரம் மட்டும் வேறு.

220 கணக்குக்கு வருவோம். 1971-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், அதுவரை வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைச் சேர்த்து உத்தேசமாக இழுத்த கோடு அது. ஒருவருடைய உண்மையான உச்சத் துடிப்பு அந்தக் கணக்கிலிருந்து 10, 12 துடிப்பு மேலோ கீழோ விலகுவது மிகச் சாதாரணம். மூன்றில் ஒருவருக்கு அதைவிடவும் விலகும். 2001-இல் வந்த திருத்தம் ‘208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழி’ என்கிறது. 2010-இல் சிகாகோ வட்டாரத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்து, பெண்களுக்கு ‘206-லிருந்து வயதின் 0.88 மடங்கைக் கழி’ என்ற தனிக் கணக்கு வந்தது. 55 வயதுப் பெண்ணுக்குப் பழைய கணக்கு 165 தரும், பெண்களுக்கான கணக்கு 158 தரும். ஏழு துடிப்பு வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் அட்டவணையில் மிதமான பயிற்சியின் எல்லையே உச்சத்தில் 64 முதல் 76 விழுக்காடு வரைதான், அதாவது 20 துடிப்புக்குள். சரியான சூத்திரத்தைப் போட்டாலும் ஆளுக்கு ஆள் உள்ள விலகல் அந்த இடைவெளியைப் பாதி விழுங்கிவிடும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில வகை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த அட்டவணை முற்றிலும் உதவாது. அடினோலால், மெட்டோபுரோலால் போன்றவை துடிப்பையே கட்டிப்போடும் மருந்துகள். உச்சத் துடிப்பில் 20, 30 துடிப்புகூடக் குறைந்துவிடும். புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும்கூடத் தரப்படுவதால், இதய நோயாளி அல்லாதவர்களும் இதில் சேர்த்தி. வாட்ச் 105 காட்டுகிறதே, 125-க்குக் கொண்டுபோக வேண்டுமே என்று இவர்கள் விரட்டி நடந்தால் ஆபத்து. நெடுநாள் சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், துடிப்பு ஒழுங்கின்றி ஓடுபவர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். இவர்களுக்கு உழைப்பு எண்தான் முதல் அளவுகோல். எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாரடைப்புக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சியின் தொடக்கத்தில் பொதுவாக 11 முதல் 13 வரை வைத்திருப்பார்கள்.

எண்ணைக் கற்றுக்கொள்வது எப்படி? இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவதால்தான் பலரும் ‘இது சும்மா மனசுக்குத் தோணுறதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். முதலில் ஐந்து நிமிடம் பெஞ்சில் அமைதியாக உட்காருங்கள். அந்த நிலை 6. வாழ்க்கையில் எப்போதாவது உடம்பு ‘இனி முடியாது’ என்று நின்றுபோன ஒரு தருணத்தை நினைத்துப் பாருங்கள். ஓடிப் பிடித்த பேருந்தாக இருக்கலாம், மூட்டை தூக்கிய நாளாக இருக்கலாம். அது 19, 20. இரண்டு முனையும் மனத்தில் நின்றால்தான் நடுவிலுள்ள எண்கள் பிடிபடும். பிறகு ஐந்து நிமிடம் கடைவீதியில் வேடிக்கை பார்க்கும் வேகத்தில் நடங்கள். அது 9 பக்கம் இருக்கும். அடுத்த ஐந்து நிமிடம் வேலைக்குப் போகும் சாதாரண நடை, 11. அதன்பின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், பேச முடிகிறது ஆனால் பாட முடியாது என்ற இடத்தில் நிறுத்திப் பிடியுங்கள். வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒருமுறை மூச்சு இழுத்துச் சொல்லி முடித்தால் 12, 13. ஒரு மூச்சில் சொல்ல முடிந்தால் இன்னும் வேகம் போதாது. தெருப் பெயரோடு நின்று மூச்சு வாங்கினால் 15-ஐத் தாண்டிவிட்டீர்கள். நலமாக இருப்பவர்கள் கடைசியாக ஒரு நிமிடம் அந்த 15-ஐயும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் மெல்ல நடந்து இறங்கி முடிக்கலாம்.

வேகத்தைக் கூட்டியவுடன் எண் சொல்லக் கூடாது. மூச்சும் துடிப்பும் புதிய வேலைக்கு ஏற்ப நிலைகொள்ள மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதற்குமுன் சொல்லும் எண் எப்போதும் குறைவாக இருக்கும். நின்ற பிறகும் சொல்லக் கூடாது. நின்ற அரை நிமிடத்தில் மூச்சு இறங்கி, பட்ட பாடு மறந்துபோகும். நடந்துகொண்டிருக்கும்போதே, வாட்சைப் பார்ப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். துடிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னால், எண் உடம்பிலிருந்து வராமல் திரையிலிருந்து வரும். ஒரு வாரம் இப்படிப் பழகினால் பிறகு வரிசை திரும்பிவிடும். ‘இன்று 13’ என்று முடிவுசெய்துகொண்டு அந்த எண்ணுக்கு ஏற்ற வேகத்தைக் கால்கள் தாமாகப் பிடிக்கும்.

எதைப் பார்த்து எண் சொல்வது? மூச்சு, கால் தசையின் களைப்பு, உடல் முழுவதும் உணரும் பாரம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மூச்சுக்கு முன்பே கால் களைத்துவிடும். டிரெட்மில்லைவிட ஜிம் சைக்கிளில் இது இன்னும் அதிகம், தொடை மட்டும் எரியும். அப்போது இரண்டு எண்ணாகச் சொல்லிப் பார்க்கலாம். கால் 15, மூச்சு 11 என்றால் இதயத்துக்கு இன்னும் வேலை கொடுக்கலாம், ஆனால் சைக்கிளின் இறுக்கத்தைக் குறைத்துச் சுற்றும் வேகத்தைக் கூட்ட வேண்டும். வலியை இதில் சேர்க்கவே கூடாது. மூட்டு வலிக்கிறது என்பதால் 16 என்று சொல்லும் அம்மாவின் உழைப்பு 10-ஆக இருக்கலாம். வலிக்குத் தனியாக 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொன்னால் இரண்டும் பிரிந்துவிடும். அவருக்கு வேண்டியது மெதுவான நடையல்ல, முழங்காலுக்குப் பாரம் தராத வேறு பயிற்சி.

தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. பார்க்க ஆள் இருந்தால் ஆண்கள், அதிலும் இளைஞர்கள், இரண்டு எண்ணைக் குறைத்துச் சொல்வார்கள். முகம் சிவந்து வியர்வை ஒழுகும்போது ‘12 தான் சார்’ என்பார்கள். பயிற்றுநர்கள் தனியாகக் கேட்பது, அல்லது அட்டையில் விரலை வைத்துக் காட்டச் சொல்வது நல்லது. மூச்சு வாங்கிப் பழக்கமே இல்லாதவர்கள் முதல் மூச்சிலேயே பயந்து 17 என்பதும் உண்டு. ஒரு வாக்கியம் பேசச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். காதில் குத்துப்பாட்டு ஓடினால் மிதமான வேகத்தில் எண் குறைவாகத் தோன்றும். நலமானவர்களுக்கு இது நல்லதுதான், இதய நோயாளி கற்றுக்கொள்ளும் நாட்களில் பாட்டு வேண்டாம். கெட்டியான காபி குடித்துவிட்டு வந்தாலும் அப்படியே. தூக்கமில்லாத இரவு, விரதம், காய்ச்சலிலிருந்து எழுந்த வாரம் ஆகியவை எண்ணை ஏற்றும். அந்த நாட்களில் எண்ணுக்குக் கட்டுப்பட்டு வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். டிரெட்மில்லின் முன்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடப்பவர்களுக்குத் திரையில் தெரியும் வேகமும் கலோரியும் பொய், எண் மட்டும் உண்மை சொல்லும். நாலு பேர் அரசியல் பேசிக்கொண்டு நடக்கும் நடை பெரும்பாலும் 9-இல் நிற்கும். பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது என்பதே அதற்குச் சாட்சி.

எட்டு வடிவ நடையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தால் எல்லா நோயும் போகும் என்று கைபேசியில் செய்தி சுற்றுகிறது. நொடிக்கு நொடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் எடுக்க முடியாது. எண் 10-ஐத் தாண்டுவது அரிது. முதியவர்களின் உடல் சமநிலைக்கு அது உதவலாம், மிதமான பயிற்சியின் கணக்கில் அதை எழுத முடியாது. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ எட்டுக் கிலோமீட்டர் பாதையிலும் ஒரு எச்சரிக்கை தேவை. 5 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். புதியவர்கள் முதல் நாளே முழுப் பாதையையும் முடித்தாக வேண்டும் என்று நடந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரில், வேகம் கூடாமலேயே, எண் 13-லிருந்து 16-க்கு ஏறும். எண் ஏறத் தொடங்கும் இடத்தில் திரும்பிவிட வேண்டும்.

மதுரை வெயில் தனிக் கதை. சித்திரை, வைகாசியில் மாலை ஆறு மணிக்கும் தார்ச்சாலை சூடு கக்கும். உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படும். வியர்வையில் நீர் போய் ரத்தத்தின் அளவும் குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் ரத்தம் குறைந்து, துடிப்பு ஏறிக்கொண்டே போகும். வேகம் மாறாமல் இருக்கும்போதே 20-ஆவது நிமிடத்தில் 12 சொன்னவர் 45-ஆவது நிமிடத்தில் 15 சொல்வார். மார்கழியில் நடந்த வேகத்தைக் கத்திரியில் பிடிக்க முயல்வது வீண். எண்ணை 12, 13-இல் வைத்துக்கொண்டு வேகம் விழுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள், கொழுப்பு கரைந்ததாக மகிழ வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் வெயிலில் மணிக்கணக்காக நடக்கும் முதியவர்கள், 13-ஐத் தாண்டியதும் பந்தல் நிழலில் உட்கார்ந்து நீர் மோர் குடித்து, எண் 8-க்கு இறங்கிய பிறகே எழ வேண்டும். பட்டுப் புடவையும் வழுக்கும் செருப்பும் அதே தூரத்துக்கு ஒன்றிரண்டு எண்ணைக் கூட்டிவிடும்.

எண்களில் ஒரு பொறி இருப்பதையும் சொல்ல வேண்டும். போர்க் பின்னாளில் 0 முதல் 10 வரையில் இன்னோர் அளவுகோலையும் தந்தார். அதில் 3 மிதம், 5 கடினம், 7 மிகக் கடினம். உலக சுகாதார நிறுவனம் எளிமைக்காகச் சொல்லும் 0 முதல் 10 வரையிலான அளவில் 5, 6 தான் மிதம், 7, 8 தீவிரம். ஆக ‘ஏழில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், ஓர் அளவில் அது சும்மா அசைவது, இன்னொன்றில் மிகக் கடினம். ஜிம்மில் ஒன்று, மருத்துவமனையில் ஒன்று, கைபேசிச் செயலியில் ஒன்று என்று மூன்றும் புழங்குகின்றன. எண்ணைச் சொல்லும்போது அதற்குரிய சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ‘13, கொஞ்சம் கடினம்’. நடைக்கும் ஓட்டத்துக்கும் 6 முதல் 20 வரையிலான அளவே போதும் என்பது எங்கள் கருத்து.

எடை தூக்கும் பயிற்சிக்கு வேறு வழி. இன்னும் எத்தனை முறை தூக்க முடியும் என்று கேட்டுக்கொள்வதுதான் அங்கே அளவு. பத்தாவது முறை முடித்தபோது இன்னும் இரண்டு மூன்று முறை முடியும் என்றிருந்தால் போதுமானது. தம் கட்டித் தூக்குவது ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்கு, மருத்துவர் தடை சொல்லாதவரை, 13, 14 வரை போகலாம் என்பது அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டல். துடிப்பைவிட எண்ணும் பேச்சுச் சோதனையும் அவர்களுக்குப் பொருத்தம், ஏனென்றால் கர்ப்ப காலத்தில் ஓய்விலேயே துடிப்பு கூடியிருக்கும்.

இந்த எண் சொல்லாததும் உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்பை அது காட்டாது. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்குத் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று மாறு வேடத்தில் வரலாம். 11-இல் நடக்கும்போது இவற்றில் ஏதாவது வந்தாலும், தலை சுற்றினாலும், உடனே நின்றுவிட வேண்டும், ‘எண் குறைவாகத்தானே இருக்கிறது’ என்று தொடரக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரை வைத்திருப்பது கட்டாயம். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் உழைப்பு அல்ல, சர்க்கரை இறங்குவதன் அடையாளம். மறுபக்கம், எண்ணின் மிகப் பெரிய பயன் ஒன்றை யாரும் சொல்வதில்லை. அதே பாதை, அதே வேகம், அதே நேரம், ஆனால் போன மாதம் 12 சொன்னவர் இப்போது ஒரு வாரமாக 15 சொல்கிறார் என்றால், சோகையோ தைராய்டோ இதயமோ ஏதோ ஒன்று மாறியிருக்கலாம். நாட்காட்டியின் ஓரத்தில் தினமும் ஓர் எண் எழுதி வந்தால் இதைக் கண்டுபிடிக்க முடியும். எண் குறைந்துகொண்டே வந்தால் திறன் கூடுகிறது, வேகத்தைக் கூட்டி மீண்டும் 13-க்கு வரலாம்.

மாநகராட்சிக்கும் நலவாழ்வுத் துறைக்கும் உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று மாத்திரை தரும் பெண் தன்னார்வலர்களின் கையில், இந்த ஒன்பது எண்ணும் சொல்லும் அச்சிட்ட உள்ளங்கை அளவு அட்டை ஒன்றைக் கொடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது ‘நேற்று நடந்தது எந்த எண்’ என்று கேட்க அரை நிமிடம் போதும். அடுத்தது, நடைபாதைகளில் பலகை. எழுத்து பத்தடி தூரத்திலிருந்து, கண்ணாடி போடாத அறுபது வயதுக்காரருக்குத் தெரிய வேண்டும். 12, 13 பச்சை, 14 முதல் 16 மஞ்சள், 17-உம் அதற்கு மேலும் சிவப்பு என்று நிறம் பூசலாம். அதன் கீழே ‘மார்பு, தாடை, முதுகில் வலி வந்தால் எண்ணைப் பார்க்காமல் நில்லுங்கள், 108-ஐ அழையுங்கள்’ என்று ஒரு வரி. பலகையை நுழைவாயிலில் வைக்க வேண்டாம். வாசலில் எல்லோருக்கும் எண் 7 தான். வாசலிலிருந்து 400, 500 மீட்டர் தள்ளி, நடப்பவருக்கு மூச்சு நிலைகொள்ளும் இடத்தில் ஒன்றும், பாதை முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் இன்னொன்றுமாக நடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்களும் உடற்பயிற்சிப் பயிற்றுநர்களுமான வாசகர்கள் சிலர்,
மதுரை.